பொருந்தும் கணக்கும் மெய்யான கணக்கும்

பள்ளியிறுதித் தேர்வின் முடிவு வெளிவந்ததும், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்வி எழுகின்றது: "பிள்ளையை எதில் சேர்ப்பது?" பொறியியல், மருத்துவம் என்னும் இரு வாயில்களும் திறவாவிடில், "பி.காம். இருக்கவே இருக்கிறது" என்று பெருமூச்செறியும் பெற்றோர் பலர். வேறு இடம் கிட்டாதவர் ஒதுங்கும் சத்திரமாகவே கணக்கியல் பட்டப் படிப்பை நம்மவருள் பலர் கருதி வருகின்றனர். மற்றொரு சாரார், "கணக்கையெல்லாம் கணிப்பொறியே எழுதிவிடும் இக்காலத்தில், அதற்கென மூன்று ஆண்டுகள் படிப்பானேன்?" என்று வினவுகின்றனர். இப்படிப்பில் கற்பிக்கப்படுவது யாது என்பதை ஆராயாமையே இவ்விரு கருத்துக்கும் காரணம். அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நாம் கூற விரும்புவதை முதலிலேயே சுருங்கச் சொல்லி விடலாம். ஒரு கணக்குப் பொருந்துவது வேறு. அது மெய்யாக இருப்பது வேறு. பொருத்திக் காட்டும் வேலையை இன்று பொறியும் செய்யும். மெய்யா என்று ஆராயும் அறிவை மனிதனே பெற்றாக வேண்டும். கணக்கியல் மாணவன் முதலாண்டில் முன்னதைக் கற்கிறான். எஞ்சிய ஆண்டுகளிற் பின்னதைக் கற்கிறான். பின்னதைக் கல்லாது பட்டம் பெறுபவன், எழுதத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவனை ஒப்பான்.

இக்கலை பழமையானது. 1494-ஆம் ஆண்டில் லூக்கா பசியோலி என்னும் இத்தாலியத் துறவி, வெனிஸ் நகரில் அச்சிட்ட தம் கணித நூலில், அந்நகர வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை விளக்கி எழுதினார். அம்முறையை அவர் கண்டுபிடித்தார் அல்லர். வழக்கில் இருந்ததை ஒழுங்குபடுத்தி உலகுக்கு அளித்தார். நம் நாட்டில் வணிகவியலுக்கெனத் தனிக் கல்லூரி மும்பையில் 1913-ஆம் ஆண்டு தோன்றியது. அதுவே சிடன்ஹாம் கல்லூரி. இன்று நாடெங்கும் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் கணக்கியலின் அடிப்படை, அவ்வெனிஸ் வணிகரின் முறையே.

அம்முறையின் உயிர்நாடி பற்று, வரவு என்னும் இரு சொற்களில் அடங்கியுள்ளது. மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு இச்சொற்களில் தனி ஈடுபாடு உண்டு. மாணவர் முதலில் இடறுவதும் இங்கேதான். வீட்டு வழக்கில் வரவு என்றால் வருமானம். பாடநூலோ, "கைக்கு வந்த பணத்தை ரொக்கக் கணக்கிற் பற்று எழுதுக" என்கிறது. வந்ததை வரவென்று எழுதாமற் பற்றென்று எழுதுவது ஏன் என்று மாணவன் திகைக்கிறான். விடை நம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. கடையில் "பற்று வைத்து" அரிசி வாங்குகிறோம். நாம் பொருளைப் பற்றிக் கொண்டோம். ஆகவே கடைக்காரர் நம் பெயரிற் பற்று எழுதுகிறார். மாதம் பிறந்ததும் பணம் செலுத்துகிறோம். நம்மிடமிருந்து வந்ததால் நம் பெயரில் வரவு வைக்கிறார். பெற்றவர் பெயரிற் பற்று. தந்தவர் பெயரில் வரவு. இனி, பணப் பெட்டியையும் ஓர் ஆளாகக் கருதுங்கள். பணத்தைப் பெற்றது பெட்டி. எனவே பெட்டியின் பெயரிற் பற்று. திகைப்பு இவ்வளவில் தீர்ந்துவிடும்.

வடநாட்டு வணிகரின் பழைய பஹீ-காத்தா ஏடுகளிலும் இதே கருத்துக்கு ஜமா, நாமே என்னும் சொற்கள் உண்டு. ஜமா என்பது நம் வரவு; நாமே என்பது நம் பற்று. வெளி மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள், கல்லூரியில் ஆங்கிலச் சொல்லையும் கடைவீதியில் இந்திச் சொல்லையும் வீட்டில் தமிழ்ச் சொல்லையும் கேட்கின்றனர். மூன்றும் ஒரே பொருளைச் சுட்டுவன என்று ஒருமுறை எடுத்துக் காட்டினால், பாடம் மனத்தில் ஊன்றிவிடும். இத்துணை எளிதாக உதவும் வாய்ப்பைப் பெற்றோர் நழுவவிடலாகாது.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் தம் கைப்பணம் 50,000 ரூபாயும், மைத்துனரிடம் வட்டியின்றிக் கைமாற்றாகப் பெற்ற 30,000 ரூபாயும் கொண்டு ஒரு சிற்றுண்டிக் கடை தொடங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். மாவரைக்கும் பொறி, அடுப்பு, பாத்திரங்களுக்கு 36,000 ரூபாய்; அரிசி, உளுந்து முதலியவற்றுக்கு 10,000 ரூபாய். பெட்டியில் எஞ்சியது 34,000 ரூபாய். கடையிடம் உள்ளவற்றின் மொத்தம் 80,000. கடை பிறருக்குத் தர வேண்டியதும் 80,000. "கைமாற்று 30,000 ரூபாய்தானே கடன்?" என்று கேட்கலாம். கணக்கியலின் நோக்கிற் கடை வேறு, கடைக்காரர் வேறு. அவர் இட்ட முதலும் கடை அவருக்குப் பட்ட கடனே. இந்த ஒரு கருத்து விளங்கினால், கல்லாவில் கைவிட்டுக் குடும்பச் செலவுக்கு எடுக்கும் பணம் கடையின் செலவாகாது, முதலிலிருந்து திரும்ப எடுத்ததாகும் என்பதும் விளங்கும். இது விளங்காமையால் நொடித்துப் போன கடைகளுக்கு அளவில்லை.

முதல் மாத முடிவைப் பார்ப்போம். விற்பனை 60,000 ரூபாய். அதில் 40,000 ரொக்கம், 20,000 அலுவலகம் ஒன்றின் உணவுக் கூடத்துக்குக் கடனாக அளித்தது. இருந்த சரக்கு 10,000 ரூபாயும், பின்னர் ரொக்கத்துக்கு வாங்கிய 20,000 ரூபாய்ச் சரக்கும் தீர்ந்து போயின. வாடகை 12,000, உதவியாளின் சம்பளம் 10,000. ஆகச் செலவு 52,000 ரூபாய். மாவுப் பொறியும் பாத்திரங்களும் மூன்றாண்டு உழைக்கும் எனக் கொண்டால், மாதத்துக்கு 1,000 ரூபாய் தேய்மானம். மொத்தம் 53,000. இலாபம் 7,000 ரூபாய்.

கடைக்காரர் மகிழ்ந்து பெட்டியைத் திறக்கிறார். முன்பு 34,000 ரூபாய் இருந்தது; 40,000 வந்தது; சரக்கு, வாடகை, சம்பளம் என 42,000 வெளியேறியது. இருப்பதோ 32,000. இலாபம் 7,000 என்று ஏடு சொல்கிறது. பணம் 2,000 குறைந்துள்ளது என்று பெட்டி சொல்கிறது. இரண்டும் உண்மையே. உணவுக் கூடத்திலிருந்து வர வேண்டிய 20,000 ரூபாயிலே இலாபம் சிக்கிக் கிடக்கிறது. மாத முடிவின் இருப்புநிலைக் குறிப்பைப் பாருங்கள்: பொறியும் பாத்திரமும் 35,000, வர வேண்டிய கடன் 20,000, ரொக்கம் 32,000, ஆக 87,000. மறுபுறம் முதல் 50,000, இலாபம் 7,000, கைமாற்று 30,000, அதுவும் 87,000. கணக்குப் பொருந்திவிட்டது.

ஆனால் இங்கேதான் உண்மையான படிப்புத் தொடங்குகிறது. மாவுப் பொறிக்கும் பாத்திரத்துக்கும் தந்த 36,000 ரூபாயை அம்மாதச் செலவாகவே எழுதியிருந்தால் என்னவாகும்? தேய்மானத்துக்கு இடமில்லை, இலாபம் மறைந்து 28,000 ரூபாய் நஷ்டம் தோன்றும். வாடகை 12,000 ரூபாயைச் சொத்து என்று எழுதியிருந்தாலோ, இலாபம் 19,000 ரூபாயாக வீங்கும். இவ்விரண்டிலும் பற்றுப் பக்கத்தின் மொத்தமும் வரவுப் பக்கத்தின் மொத்தமும் ஒரு ரூபாயும் பிசகாமற் பொருந்தும். உணவுக் கூடத்தார் பணமே தரமாட்டார் என்று ஆகிவிட்டால், அந்த வாராக்கடனைக் கழித்தபின் 7,000 ரூபாய் இலாபம் 13,000 ரூபாய் நஷ்டமாக மாறும். அதையும் ஏடு தானாகச் சொல்லாது, "இந்தக் கடன் வருமா?" என்று ஒருவர் கேட்டாக வேண்டும். டேலி போன்ற மென்பொருளில் ஒரு பதிவை இட்டால், பேரேடும் இருப்பாய்வும் இருப்புநிலைக் குறிப்பும் நொடியில் ஆயத்தமாகிவிடும். ஆயின், எது செலவு, எது சொத்து, எந்தக் கடன் தேறும் என்னும் தீர்ப்புகள் பதிவு இடுபவரின் அறிவைப் பொறுத்தவையே.

பெரிய நிறுவனங்களில் இவ்வேறுபாடு எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர், 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், நிறுவனத்தின் கணக்குகள் பொய் என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக் கொண்டார். ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று ஏட்டில் இருந்தது. அதில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்பது அக்கடிதத்தின் செய்தி. இருபுறமும் பொருந்திய கணக்குத்தான் அது. வங்கியிற் பணந்தான் இல்லை. அந்நிறுவனத்தின் பங்குகளை நம்பிச் சேமிப்பை இட்ட எளிய குடும்பத்தார், ஒரே நாளில் அதன் பெரும் பகுதியை இழந்தனர். பின்னர் இயற்றப்பட்ட 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களின் தணிக்கையாளர் காலவரையறையின்றி நீடிப்பதைத் தடுத்தது. அச்சட்டத்தின் கீழ் தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் 2018-இல் அமைக்கப்பட்டது. சட்டங்கள் வரலாம், ஆணையங்கள் வரலாம். "வங்கியிடமே நேரிற் கேட்டு உறுதிக் கடிதம் பெற்றீர்களா?" என்று கேட்கும் மனிதர் இல்லையேல், அவற்றால் முழுப் பயன் விளையாது. அக்கேள்வியைக் கேட்கப் பழக்குவதே இப்படிப்பின் உயர்ந்த பயன்.

பாடத்திட்டத்தை இந்த நோக்கோடு பார்த்தால், அதன் அமைப்பு நன்கு புலப்படும். முதலாண்டில் பெரும்பாலும் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் ஆகியவற்றோடு பொருளியலும் வாணிபச் சட்டமும் இடம்பெறும். ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டினது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ஆம் ஆண்டினது. கடன் உண்மையில் ஏற்பட்டதா, பொருளின் உரிமை எப்போது கைமாறியது என்பவற்றை இச்சட்டங்களே தீர்மானிக்கின்றன. அடுத்து வருவன கூட்டாண்மை, கம்பெனிக் கணக்குகள், புள்ளியியல், வரிகள். சரக்கு மற்றும் சேவை வரி 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2025-இல் புதிய சட்டம் இயற்றியது. விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தவனின் கல்வி சட்டம் மாறிய அன்றே பழசாகிவிடும், "வருமானம் என்பது எது? எந்த ஆண்டைச் சேர்ந்தது?" என்னும் அடிப்படையைக் கற்றவன் புதிய சட்டத்தையும் தானே படித்துக் கொள்வான். இறுதியில் வருவன அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், தணிக்கை. தணிக்கைப் பாடத்தில் எண்களைவிடச் சான்றுகளைப் பற்றிய பேச்சே மிகுதி.

இப்படிப்பை எவ்வாறு பயில்வது? மூன்று வழிகளைக் கூறுவோம். முதலாவது, ஒவ்வொரு பதிவையும் எழுதுமுன், "யார் பெற்றார், யார் தந்தார், எதற்காக?" என்று ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தல். சொல்ல இயலாத பதிவை எழுதலாகாது. இரண்டாவது, மென்பொருளைத் தொடுமுன் ஒரு சிறு கடையின் ஒரு மாதக் கணக்கைத் தாளிற் பேனாவால் தொடக்கமுதல் இறுதிவரை எழுதி முடித்தல். மூன்றாவது, பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்தல். அவ்வறிக்கைகள் நிறுவனங்களின் இணையதளங்களில் யாவருக்கும் கிடைக்கின்றன. வண்ணப் படங்களைத் தள்ளிவிட்டுத் தணிக்கையாளர் அறிக்கையையும், கணக்குகளின் பின்னுள்ள குறிப்புகளையும் படிக்க வேண்டும். இலாபம் எவ்வளவு என்று பார்த்தபின், செயற்பாடுகளிலிருந்து வந்த ரொக்கம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். சிற்றுண்டிக் கடையிற் கண்ட அதே பாடம், அங்கே கோடிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

வெளி மாநிலங்களில் வாழ்வோர் கருத்திற் கொள்ள வேண்டிய சில செய்திகள் உள. பதினோராம் வகுப்பிற் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே கணிதத்தைக் கைவிடாதிருத்தல் நலம். கணிதம் பயின்றவர்க்கே இடமளிக்கும் வணிகவியற் படிப்புகளும் உண்டு. மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளங்கலைச் சேர்க்கைக்கு 2022-ஆம் ஆண்டு முதற் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. அதனைத் தமிழிலும் எழுத வாய்ப்பளிக்கப்பட்டுள்ளது. ஆனால் கல்லூரி வகுப்புகளில் ஆங்கிலமோ, அவ்வட்டார மொழியோ பயிற்றுமொழியாக இருக்கும். தமிழில் கணக்குப் பதிவியல் பயின்று வருவோர், பேரேடு, தேய்மானம், கடனாளி, கடனீந்தோர் முதலிய ஐம்பது சொற்களுக்குரிய ஆங்கிலச் சொற்களை ஒரு சிறு ஏட்டில் எழுதிக் கொண்டு முதல் மாதத்தைக் கடந்தால், பின்னர் இடர் இராது. எண்களுக்கு மொழி வேற்றுமை இல்லையன்றோ!

பணிபுரிந்துகொண்டே பட்டம் பெற விழைவோர்க்கும் வழி உண்டு. தில்லிப் பல்கலைக் கழகம் 1962-ஆம் ஆண்டிலேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1985-இல் நிறுவப்பட்டது. பணிமாற்றத்தால் ஊர் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களுக்கும், மணமான பின் படிப்பைத் தொடர விரும்பும் பெண்களுக்கும் இவை பெருந்துணை. ஆயினும் எந்த நிறுவனத்தின் தொலைநிலைப் படிப்பாயினும், அதற்குப் பல்கலைக் கழக மானியக் குழுவின் ஒப்புதல் அவ்வாண்டுக்கு உண்டா என்பதைச் சரிபார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். சான்று கேட்கும் பழக்கம் அங்கேயே தொடங்கட்டும்.

இன்னொன்று. பட்டம் பெற்றவுடன் ஒருவர் ஆடிட்டர் ஆகிவிட மாட்டார். கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்து கையொப்பமிடும் உரிமை, 1949-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் உறுப்பினராகி, தொழில் நடத்துவதற்குரிய சான்றிதழும் பெற்றவருக்கே உண்டு. அடக்கவிலைக் கணக்காளருக்கு 1959-ஆம் ஆண்டின் சட்டமும், கம்பெனிச் செயலாளருக்கு 1980-ஆம் ஆண்டின் சட்டமும் தனித்தனி நிறுவனங்களை அமைத்தன. வணிகவியலில் நூற்றுக்கு 55 மதிப்பெண் பெற்ற பட்டதாரி, பட்டயக் கணக்காளர் படிப்பின் தொடக்கநிலைத் தேர்வை எழுதாமல் இடைநிலையில் நேரே சேரலாம் என்னும் வழி வகுக்கப்பட்டுள்ளது. 2023-இல் வந்த புதிய திட்டத்தின்படி, அதற்குரிய செய்முறைப் பயிற்சி இரண்டாண்டு. ஆகவே, பட்டம் என்பது வாயில்; அதனையே வீடென்று எண்ணி ஏமாறுதல் கூடாது. அதே வேளையில், வாயிலை இகழ்தலும் கூடாது. ஆடிட்டர் ஆகாத பட்டதாரிக்கும் வங்கி, காப்பீடு, அரசுத் துறை, சிறுதொழில் எனப் பல துறைகளில் இடமுண்டு.

இறுதியாக, வேலைவாய்ப்பினும் பெரிய பயன் ஒன்றைச் சுட்டி அமைவோம். தமிழர் குடியேறிய நகரங்களில் ஒரு தமிழ்ச் சங்கமோ, கோயிற் குழுவோ, கூட்டுறவுக் குடியிருப்புச் சங்கமோ இருப்பது வழக்கம். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை ஒருவர் விரைந்து வாசிப்பார். சிற்றுண்டிக்கு நேரமாகிவிட்டதே என்று மற்றவர் கைதட்டி ஏற்பர். கட்டட நிதிக்கு வந்த நன்கொடை அன்றாடச் செலவிற் கரைந்ததா, வைப்பு நிதியின் வங்கிச் சான்று எங்கே, வர வேண்டிய வாடகை வந்ததா என்று கேட்பார் அரியர். கேட்பவரைப் பகைவராக எண்ணுவாரும் உண்டு. நம் பிள்ளைகளுள் ஒருவர் எழுந்து, பணிவோடும் துணிவோடும், "கணக்குப் பொருந்துகிறது ஐயா, சான்றுகளையும் பார்க்கலாமா?" என்று கேட்பாராயின், அச்சங்கம் நெடுங்காலம் நிலைக்கும், கணக்கு எழுதிய நல்லவரின் பெயரும் ஐயத்துக்கு இடமின்றி விளங்கும். அக்கேள்வியைக் கேட்கக் கற்ற பிள்ளையை, வேறிடம் கிட்டாமையால் பி.காம். படித்தவர் என்று எவரும் எண்ணார்.